ஆளாளுக்கு வாய்ஸ்ல சொல்ற துணிக் கணக்கை எல்லாரும் பார்க்கிற ஒரே பதிவா ஆக்குறது எப்படிங்க?

கட்டிங்_டேபிள் (திருப்பூர்)

வணக்கமுங்க. சின்ன பனியன் யூனிட். நிட்டிங், டையிங் (சாயம் போடுறது), காம்பேக்டிங் (துணி பின்னால சுருங்காம அமுக்கறது), பிரிண்டிங் எல்லாம் வெளிய ஜாப் ஒர்க் (கூலிக்குச் செஞ்சு தர்றது). கட்டிங், செக்கிங், ஐயனிங், பேக்கிங் உள்ள. தையல் பாதி உள்ள, பாதி வெளிய பவர் டேபிள்ல (கூலிக்குத் தச்சுக் குடுக்கிற இடம்).

துணி இப்ப எங்க நிக்குதுன்னு முழுசாத் தெரிஞ்ச ஆளுன்னு ஒருத்தரும் இல்லைங்க. பேப்ரிக் இன்சார்ஜுக்குக் கொஞ்சம், வேன் டிரைவருக்குக் கொஞ்சம், கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கான்னு ஒவ்வொருத்தருகிட்ட ஒரு துண்டு. எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புல வாய்ஸ் போடுறாங்க, டிசி (டெலிவரி சலான், சரக்கு கூடப் போற சீட்டு) போட்டோ போடுறாங்க. மாசக் கடைசியில அக்கவுண்டண்ட் உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டு எக்செல்ல ஏத்துறாரு. நடுவுல "பல்லடத்து டையிங்ல நம்ம துணி எத்தனை ரோல் நிக்குது"ன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியறதில்லை.

இஆர்பி (கம்பெனிக் கணக்கெல்லாம் ஒண்ணாப் பாக்கிற பெரிய சாஃப்ட்வேர்) வேண்டாமுங்க. இங்கிலீஷ்ல இருபது கட்டம் வந்து நின்னா, தொடுறதுக்கே யோசிக்கிறாங்க. பேசுற தமிழ்லயே சொன்னா பதிவாகோணும், அதே மாதிரி பேசிக் கேட்டா பதில் வரோணும், ரெண்டு பேரு சொல்றது ஒத்துப்போகலைன்னா அதுவும் வெளிய தெரியோணும். இப்ப இருக்கிற ஏஐ வச்சு இதைச் செய்ய முடியுமா? எங்க இடறும்?

சலான்_புக்கு

முடியுமுங்க. ஆனா எந்த ஆப், எந்த ஏஐன்னு தேடுறதுக்கு முன்னால வாக்கியத்தை முடிவு பண்ணுங்க. உங்க குரூப்புல ஒரு வாரம் வந்ததை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிப் பாத்தீங்கன்னா, அத்தனையும் ஏழெட்டு வினைச்சொல்லுக்குள்ள அடங்கிரும்: போச்சு, வந்துச்சு, வெட்டியாச்சு, தைக்கக் குடுத்தாச்சு, தச்சு வந்துச்சு, ரிஜெக்ட் ஆச்சு, பேக் ஆச்சு. அடங்காதது பெரும்பாலும் "வேன் எங்கப்பா வருது" மாதிரி பேச்சு. அது பதிவுக்கு வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு வினைக்கும் எதெது கட்டாயம்னு எழுதி வைங்க. போச்சு, வந்துச்சுன்னா லாட் (ஒரு தொகுதித் துணிக்குக் குடுக்கிற நம்பர்), பார்ட்டி (ஜாப் ஒர்க் செய்யுறவங்க), ரோல், கிலோ, டிசி நம்பர் அஞ்சும் வேணும். வெட்டியாச்சுன்னா லாட், ஸ்டைல், சைஸ்வாரியா பீஸ், செலவான கிலோ, மிச்சப் பிட்டு (துண்டுத் துணி). ரிஜெக்டுக்கு லாட், பீஸ், காரணம். காரணத்தை மட்டும் அவங்க இஷ்டத்துக்கு விடாதீங்க. ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு வித்தியாசம், தையல் விட்டது, அளவு தப்புன்னு அஞ்சாறுல ஒண்ணாத்தான் இருக்கோணும். இல்லைன்னா "துணி சரியில்லை"ன்னு ஒரு மூட்டை பதிவு சேரும், அதை வச்சு எந்த டையிங்கையும் கேள்வி கேட்க முடியாது.

சொல் எந்த வரிசையில வந்தாலும் பரவால்ல. "லாட் 214 பன்னெண்டு ரோலு பல்லடத்து டையிங்குக்குப் போச்சு"ன்னாலும், "பல்லடத்து டையிங்குக்குப் போச்சுங்க, பன்னெண்டு ரோலு, 214"ன்னாலும் பொருள் ஒண்ணுதான். திசையைக் காட்டுறது வேற்றுமை உருபு. "டையிங்குக்கு"ன்னா போறது, "டையிங்ல இருந்து"ன்னா வர்றது. சிக்கல் எங்கன்னா அவசரத்துல "டையிங்ல பன்னெண்டு ரோலு"ன்னு சொல்லி முடிச்சுருவாங்க. அது அங்க நிக்குதா, அங்கிருந்து வந்துச்சா? மனுசனுக்கு வேன் வந்த நேரத்தை வச்சுத் தெரியும். மிஷின் ஏதோ ஒண்ணை நினைச்சுப் பதிஞ்சுட்டுப் போயிரும். வினையில்லாம வெறும் "ல" வந்தா பதியாம திருப்பிக் கேட்கோணும்னு முதல் விதியாவே போட்டுருங்க.

இன்னொண்ணு: டையிங்ல இருந்து யூனிட்டுக்கு வராமயே நேரா காம்பேக்டிங் போறது. "டையிங்ல இருந்து அப்படியே காம்பேக்டிங்குக்குப் போயிருச்சு" ஒரே வாக்கியம், ஆனா பதிவுல ரெண்டு வரி. ஒரு வரியாப் போட்டா டையிங்ல அந்தத் துணி காலத்துக்கும் நிக்கும்.

இந்த யோசனை பழசுதாங்க. சூரிச் பல்கலைக்கழகத்துல 1995-ல இருந்து அட்டெம்ப்டோன்னு ஒரு கட்டுப்படுத்தின இங்கிலீஷ் வச்சிருக்காங்க. பாக்கச் சாதாரண வாக்கியம், உள்ள ஒரே ஒரு பொருள். அதை வச்சு ஏஸ்விக்கின்னு பல பேர் சேர்ந்து எழுதுற விக்கியும் செஞ்சாங்க. அதுல எழுதுறவருக்கு அடுத்து எந்தச் சொல் வரலாம்னு எடிட்டரே காட்டும், அதனால தப்பான வாக்கியம் எழுதவே வராது. நம்ம ஆளுகளுக்கு அந்த வேலையை பட்டன் செய்யட்டும். பார்ட்டி பேர் விட்டுப்போச்சுன்னா நாலு பேரைப் பட்டனாக் காட்டி ஒண்ணைத் தொடச் சொல்றது.

நூல்கண்டு (ஈரோடு)

மேல சொன்னது சரி. ஏத்துற வழியை நான் சொல்றேன்.

வாட்ஸ்அப் குரூப்பை அப்படியே வச்சுக்கிட்டு அதுக்குள்ள பாட் (செய்தியைப் படிச்சுத் தானாப் பதில் போடுற புரோகிராம்) விடுறதா நினைச்சிருந்தீங்கன்னா, அதிகாரப்பூர்வ பிசினஸ் ஏபிஐ (வெளி புரோகிராமை இணைக்கிற வழி) மூலமா உங்க குரூப்பை அப்படிப் படிக்க வராது. ஒவ்வொருத்தரும் ஒரு பிசினஸ் நம்பருக்குத் தனித்தனியா அனுப்போணும். அவங்க கடைசியா அனுப்பின 24 மணி நேரத்துக்குள்ளதான் நம்ம இஷ்டத்துக்குப் பதில் போடலாம். அதுக்கு மேல மெட்டா ஒப்புதல் குடுத்த டெம்ப்ளேட் வேணும், அதுக்குக் காசு. அதிகாரமில்லாத லைப்ரரிகள் இருக்கு, நம்பரையே தடை பண்ணிருவாங்க. அந்தப் பக்கம் போகாதீங்க.

டெலிகிராம்ல பாட் குரூப்புக்குள்ளயே உக்காரும். ஆனா பிரைவசி மோடு தொடக்கத்துலயே ஆன்ல இருக்கும். சாய்கோடு போட்ட கட்டளையும், பாட்டுக்கே குடுத்த ரிப்ளையும் மட்டும்தான் அதுக்குக் கேட்கும். பாட்ஃபாதர்ல (டெலிகிராம்ல பாட் அமைப்பை மாத்துற இடம்) அதை ஆஃப் பண்ணிட்டு, பாட்டைக் குரூப்புல இருந்து எடுத்து மறுபடி சேர்க்கோணும். இந்த ரெண்டாவதைச் செய்யாம "பாட் வேலை செய்யலை"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

பின்னால ஒரு கூகுள் ஷீட் போதும். மூணே டேப். "பதிவு": நேரம், யார், வினை, லாட், பார்ட்டி, ரோல், கிலோ, பீஸ், டிசி, நிலை, சொன்ன வாக்கியம், வாய்ஸ் இணைப்பு. கீழ சேர்ந்துக்கிட்டே போகோணும், பழைய வரியை யாரும் தொடக்கூடாது. "பேர்": பார்ட்டியோட ஒரே சரியான பேர், பக்கத்துல ஆளுக சொல்ற பேர் எல்லாம். "பல்லடத்து டையிங்", "பெரியவர் டையிங்", "அண்ணன் டையிங்" மூணும் ஒரே இடமா இருக்கும். "நிலுவை": முழுக்க ஃபார்முலா. சம்இஃப்ஸ் (நிபந்தனைக்கு ஒத்த வரியை மட்டும் கூட்டுற ஃபார்முலா) போட்டு பார்ட்டிவாரியா, லாட்வாரியா போனதுல வந்ததைக் கழிக்கிறது.

ஷீட்டுல ரெண்டு பொறி இருக்கு. டிசி நம்பரை 12-5ன்னு எழுதினா தேதியாயிரும். சைஸ் விகிதத்தை 1:2:2ன்னு எழுதினா ஒரு மணி ரெண்டு நிமிஷம் ரெண்டு நொடியாயிரும். நாலு சைஸ் இருந்தா ஆகாது, மூணுன்னா ஆகும், அதனால கண்டுபிடிக்கிறதே கஷ்டம். லாட், டிசி, விகிதம் மூணு காலத்தையும் முதல்லயே வெறும் எழுத்துன்னு மாத்திருங்க.

பாட்டையும் ஷீட்டையும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல (கூகுள் ஷீட்டோடவே வர்ற புரோகிராம் எழுதுற வசதி) கோத்தா சர்வர் தேவையில்லை. ஒண்ணு மட்டும்: சரியான பதில் கிடைக்கலைன்னா டெலிகிராம் அதே செய்தியை மறுபடி அனுப்பும், 12 ரோல் 24 ஆயிரும். ஒவ்வொரு செய்திக்கும் வர்ற அப்டேட் ஐடியைக் குறிச்சு வச்சு, ஏற்கெனவே வந்திருந்தா விட்டுருங்க. ரெண்டு பேரு ஒரே நொடியில அனுப்பினா மோதாம இருக்க லாக்சர்வீஸ் (ஒண்ணு முடியுற வரைக்கும் அடுத்ததை நிறுத்தி வைக்கிற வசதி) போடுங்க.

ஏஐக்குக் குடுக்கிற வேலை ஒண்ணே ஒண்ணு: வாக்கியத்தைக் கட்டங்களாப் பிரிச்சு ஜேசான்ல (புரோகிராம் படிக்கிற மாதிரி பேரும் மதிப்புமா எழுதுற வடிவம்) தர்றது. குறிப்புல அழுத்திச் சொல்ல வேண்டியது, "வாக்கியத்தில் இல்லாததை நிரப்பாதே, வெற்றாக விடு. பார்ட்டி பட்டியலில் இல்லையென்றால் தெரியவில்லை என்று சொல்." இது இல்லைன்னா கிலோ சொல்லாத இடத்துல, முன்னால வந்த லாட்டுகளைப் பாத்து ஒரு கிலோவை அதுவாவே போட்டுரும். பாக்க ரொம்ப நியாயமா இருக்கும், அதான் ஆபத்து.

வாய்ஸை எழுத்தாக்குறதுதான் இதுல நிஜமான மல்லுக்கட்டு. 2022-ல வந்த விஸ்பர்ங்கிற பேச்சை எழுத்தாக்குற மாடல் தமிழ் கேட்கும். ஐஐடி மெட்ராஸ் ஏஐ4பாரத் விட்ட மாடல்களும், அரசாங்கத்தோட பாஷிணி மொழிச் சேவையும் இருக்கு. உங்க வாய்ஸ் ஒரு ஐம்பதை மூணுலயும் போட்டுப் பாத்து எண் தப்பாறது எதுல குறைச்சல்னு பாருங்க. மத்த சொல் தப்பானா கவலையில்லை. விஸ்பர்ல நம்ம சொற்களை முன்குறிப்பாக் குடுக்கலாம், ஆனா 224 டோக்கன்தான் (மாடல் எழுத்தை வெட்டி எண்ணுற துண்டு) இடம், தமிழ் எழுத்து டோக்கனைத் தின்னுரும். முக்கியமான பத்துப் பதினஞ்சு பேரோட நிறுத்திக்கோங்க. ஆள் பேசாம ஓவர்லாக் மிஷின் சத்தம் மட்டும் ஓடின வாய்ஸுக்கும் அது எதையாவது எழுதித் தரும். மூணு நொடிக்குக் கீழ உள்ள வாய்ஸை எடுத்துக்காதீங்க.

எண்ணுல இடறுற இடம் குறிப்பா: ஒம்பது, அம்பது, எம்பது. மூணும் மிஷின் சத்தத்துல ஒண்ணுபோலக் கேட்கும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் அடுத்தது. நூல் கவுண்ட் சொல்றப்ப தர்ட்டீனும் தர்ட்டியும். இதுக்கு ரெண்டு வேலி. டிசி நம்பரை எப்பவும் ஒவ்வொரு எண்ணாச் சொல்லோணும்: "ஒண்ணு ஒண்ணு எட்டு ஏழு". அடுத்தது, ரோலையும் கிலோவையும் எப்பவும் சேர்த்தே சொல்லோணும். உங்க ரோல் 20-லிருந்து 25 கிலோ வரும்னு வைங்க. "ஒம்பது ரோல், 201 கிலோ" சொன்னதை மிஷின் அம்பதுன்னு கேட்டா ரோலுக்கு 4 கிலோதான் வரும். எம்பதுன்னு கேட்டா இன்னும் கம்மி. ரோலுக்கு 15 கிலோவுக்குக் கீழயோ 30-க்கு மேலயோ போனா பாட் பதியாம "எத்தனை ரோலுங்க?"ன்னு கேட்கட்டும். இந்த ஒரு வகுத்தல் நல்ல மாடல் வாங்குறதை விட அதிகமாப் புடிக்கும்.

எல்லாம் சரியா வந்தாலும் பாட் திருப்பிச் சொல்லோணும்: "லாட் 214, 12 ரோல், 268.4 கிலோ, பல்லடத்து டையிங்குக்குப் போச்சு, டிசி 1187." கீழ ரெண்டு பட்டன், சரி, தப்பு. சரி தொட்டாத்தான் நிலை "உறுதி". தொடாதது "காத்திருப்பு"லயே இருக்கும், நிலுவைக் கணக்குல சேராது. திருப்பிச் சொல்றப்ப எண்ணை முதல்ல வைங்க, நீளமா எழுதினா படிக்காமயே சரி தொடுவாங்க.

கணக்குப்புள்ள

ரெண்டு பேரு சொல்றது ஒத்துப்போகலைன்னான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு யாரும் பதில் சொல்லலை.

பேப்ரிக் இன்சார்ஜ் 12 ரோல் அனுப்பினேங்கிறாரு. டிரைவர் 11 இறக்கினேங்கிறாரு. இங்க பெரும்பாலான செட்டப்புல கடைசியாச் சொன்னவர் எண் முன்னதை அழிச்சுரும், அதோட தடயம் போச்சு. அப்படிப் பண்ணக்கூடாது. ஒருத்தர் சொன்னது ஒரு வரி, இன்னொருத்தர் சொன்னது இன்னொரு வரி, ரெண்டுக்கும் பொது டிசி 1187. அதே டிசியில ரோல் வேறயா வந்தா "வித்தியாசம்"னு தனி டேப்புல வரோணும், ரெண்டு பேருக்கும் பாட் அந்த வரியையே காட்டோணும். யாரு சரின்னு மிஷின் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அவங்க பேசி முடிச்சதும் இன்சார்ஜ் ஒருத்தர் "டிசி 1187 திருத்து, 11 ரோல், ஒண்ணு குடோன்லயே நிக்குது"ன்னு சொன்னா அது மூணாவது வரி. பழைய ரெண்டும் அப்படியே இருக்கும். நிலுவை ஃபார்முலா திருத்தின வரியைத்தான் எடுக்கும்.

திருத்துற உரிமை ரெண்டு பேருக்கு மேல வேண்டாம். சொல்றதுக்கு எல்லாருக்கும் உரிமை.

டையிங் லாஸும் (சாயம் போட்டதுல குறையுற எடை) இதே பதிவுல இருந்து வந்துரும். 268.4 கிலோ போய் 255 கிலோ வந்தா 13.4 கிலோ, அதாவது 5 சதம். நிறத்துக்கு நிறம் எவ்வளவு பேசியிருக்கீங்களோ அதை "பேர்" டேப்புல பார்ட்டிக்கு நேரா போட்டு, மீறினா மட்டும் சொல்லச் சொல்லுங்க. லாஸ் ரொம்பக் கம்மியா வந்தாலும் சந்தேகப்படோணும். பஞ்சுத்துணியோட வழக்கமான ஈரப்பதம் 8.5 சதம்னு கணக்கு. சரியாக் காயாத துணியை எடை போட்டா லாஸ் மறைஞ்சு போகும். கட்டிங் டேபிளுக்கு வர்றப்பதான் வெளிய வரும். அதனால "வந்துச்சு" சொல்றப்ப எடை போட்டது டையிங் தராசா, நம்ம தராசான்னு ஒரு சொல் சேர்த்துக்கோங்க.

அக்கவுண்டண்ட் விடமாட்டாருன்னா அவருக்கு இதைக் காட்டுங்க. ஜிஎஸ்டி சட்டம் 143-ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்போணும், இல்லைன்னா போன நாள்லயே வித்ததாக் கணக்கு. ஐடிசி-04 படிவம் (ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்குக் கணக்கு) 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா, அதுக்குக் கீழன்னா வருஷத்துக்கு ஒருக்கா. அதுக்கு வேண்டிய டிசி நம்பர், தேதி, அளவு எல்லாம் இந்தப் பதிவுலயே கிடக்குது. ஆனா பாட்ல சொன்னது டிசிக்கு மாத்து இல்லை. வரிசை நம்பர் போட்ட சலான் வேன்ல இருந்தே ஆகோணும்.

கூலி ரேட், பையர் விலை ரெண்டையும் இந்த ஷீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க. எல்லாரும் கேட்கக்கூடிய இடத்துல இருந்தா என்னைக்காவது யாராவது கேட்பாங்க, பாட்டும் சொல்லிரும்.

கட்டிங்_டேபிள்

ரொம்ப நன்றிங்க. மூணு சந்தேகம். நைட் ஷிப்ட் ஓடுறப்ப "இன்னைக்கு", "நேத்து"ன்னு சொல்றதை எப்படி எடுக்கிறது? தையல்ல பாதிப் பேரு ஹிந்திதான் பேசுறாங்க. அப்புறம், கேள்வி கேட்கிற பக்கத்தைப் பத்தி யாரும் சொல்லலையே.

சலான்_புக்கு

சொன்ன நேரம் வேற, நடந்த நாள் வேறன்னு ரெண்டு காலமா வைங்க. ரெண்டு ஷிப்ட் ஓடினா ராத்திரி பன்னெண்டரைக்கு "இன்னைக்கு 640 பீஸ்"னு சொல்றவரு முந்தின நாளைத்தான் சொல்றாரு. நாள் காலையில 6 மணிக்குத் தொடங்குதுன்னு பாட்டுக்குச் சொல்லிட்டா முக்காவாசி தீர்ந்துச்சு. திருப்பிச் சொல்றப்ப "நேத்து"ன்னு எழுதாம கிழமையும் தேதியும் எழுதோணும். அப்புறம் ஷிப்ட் கணக்கு: "ஒன்றரை ஷிப்ட்"ல உள்ள ஒன்றரையை மாடல் ஒன்றரை மணி நேரமாவும் எடுக்கும், 1.30 மணியாவும் எடுக்கும். குறிப்புல உதாரணமாவே போட்டுருங்க.

ஹிந்தி பெரிய விஷயமில்லை, அதே கட்டங்களுக்குத்தான் பிரிக்கோணும். ஆனா "சரியா"ன்னு திருப்பிக் கேட்கிறது பேசினவர் மொழியிலயே இருக்கோணும். தமிழ்ல கேட்டா புரியாமயே சரி தொட்டுருவாங்க.

நூல்கண்டு (ஈரோடு)

கேள்விப் பக்கம். மொத்த ஷீட்டையும் மாடலுக்குக் குடுத்து "எத்தனை ரோல் நிக்குது"ன்னு கேட்காதீங்க. வரி கூடக் கூடக் கூட்டல் தப்பும், தப்புறப்பவும் தயங்காமச் சொல்லும். கூட்டுறது ஷீட்டோட வேலை. மாடலுக்கு வேலை, கேட்டது எந்தக் கேள்வின்னு அடையாளம் காண்றது மட்டும். ஒரு பத்துக் கேள்வியை முன்கூட்டியே எழுதி வைங்க: பார்ட்டிகிட்ட நிலுவை, லாட் இப்ப எங்க, இன்னைக்கு எத்தனை பீஸ், 15 நாளுக்கு மேல திரும்பாத டிசி, காரணவாரியா ரிஜெக்ட், இந்த மாதிரி. "பெரியவர்கிட்ட நம்ம துணி எவ்வளவு கிடக்குது"ன்னா முதல் கேள்வி, பார்ட்டி பல்லடத்து டையிங். எண் ஃபார்முலாவுல இருந்து வரும்.

பத்துல சேராத கேள்வி வந்தா "இது எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொல்லி, அந்தக் கேள்வியை ஒரு டேப்புல எழுதி வைக்கட்டும். மாசம் ஒருக்கா அதைப் பாத்து பதினொண்ணாவது கேள்வியைச் சேர்க்கலாம். "214-ல எத்தனை மிச்சம்" மாதிரி வந்தா துணியா, வெட்டின பீஸா, தச்ச பீஸான்னு மூணு பட்டன். பதிலுக்குக் கீழ எந்தெந்த டிசியில இருந்து அந்த எண் வந்துச்சுன்னும், எத்தனை வரி இன்னும் காத்திருப்புல இருக்குன்னும் போடோணும். "38 ரோல், டிசி 1179, 1187, 1192. உறுதி ஆகாதது 2 வரி"ன்னு பாத்தா, இன்சார்ஜ் அந்த ரெண்டு பேருக்குப் போன் அடிச்சு முடிச்சுருவாரு.

தொடங்குறப்ப டையிங் மட்டும், "போச்சு", "வந்துச்சு" ரெண்டு வினை மட்டும். பேப்பர் நோட்டு பக்கத்துல ஓடட்டும். பாட் நிலுவையும் நோட்டு நிலுவையும் ரெண்டு வாரம் தொடர்ந்து ஒத்துவந்தா காம்பேக்டிங்கைச் சேருங்க. சைஸ்வாரியா எண்ணு நிறைய இருக்கிறதால கட்டிங்கைக் கடைசியில வச்சுக்கோங்க. அதுக்கு மாஸ்டர் வாய்ஸ் போடுறதை விட லே ஷீட்டை (விரிச்சு வெட்டின துணிக் கணக்கை சைஸ்வாரியா எழுதுற தாள்) போட்டோ எடுத்துப் போட்டு, சைஸுக்கு ஒரு எண்ணா பட்டன்ல உறுதி பண்றது சுலபம்.